வேவு பார்க்காத பிரவுசர்

ஜொவிட்டா தன் கண்ணில் படாமல் தப்பிக்கப் பார்க்கிறாள் என்பது, திங்கட்கிழமை காலை ஈக்காட்டுத்தாங்கல் ஆபீஸில் லேப்டாப்பைத் திறந்ததுமே ஆஸ்டினுக்குத் தெரிந்துவிட்டது.

'நம்மை வேவு பார்க்காத பிரவுசர் எது?' என்று முந்தின நாள் சாயங்காலம் தேடியிருந்தாள். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு எழுதிய நாலைந்து கட்டுரைகளைப் படித்திருந்தாள். 'பேங்க் வேலைக்கும் ஆன்லைன் வகுப்புக்கும் தினப்படி ஒத்துவருமா?' என்று இன்னொரு கேள்வி. கடைசியில் ஒன்றை டவுன்லோடும் செய்துவிட்டிருந்தாள்.

அவள் தேடுவதெல்லாம் இவன் லேப்டாப்பில் தெரிவதற்குக் காரணம் இவன்தான். கல்யாணமான புதிதில் இரண்டு பேர் லேப்டாப்பிலும் ஒரே கணக்கைப் போட்டு பிரவுசரைத் திறந்து வைத்தவன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாந்தோமில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் எட்டு மாதமாகியும், அதை மாற்ற வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

ஆஸ்டினுக்கு அது வசதியாகப் போயிற்று. என்னை விட்டுப் போனவள் எப்படி நிம்மதியாக இருந்துவிடுகிறாள் பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டிருந்தான். மந்தைவெளியில் அவள் வீடு பார்த்தபோது, அவளுக்கு முன்னால் போய் ஓனரிடம் நாலு வார்த்தை சொன்னான். வீடு கைநழுவியது. அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு மனு போட்டாள். அங்கேயும் போய்ச் சொன்னான். வேலையும் போயிற்று.

அவள் கோர்ட்டுக்குப் போனாள். நேரிலோ, போனிலோ, அடுத்தவர் மூலமாகவோ அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. "அவ எங்க இருக்கா, எங்க போறான்னே எனக்குத் தெரியாதுங்க ஐயா" என்று ஆஸ்டின் அங்கே கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். வெளியே வந்து சிரித்தான்.

இப்போது அந்தச் சிரிப்பில்தான் மண் விழப் பார்த்தது. திங்களும் செவ்வாயும் லேப்டாப்பில் ஒன்றுமே வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பைக்குள் திருப்பி வைத்தான்.

புதன்கிழமை மறுபடியும் வர ஆரம்பித்தது. கோட்டூர்புரத்தில் சின்னதாக ஒரு வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னைக்கு ஒரு விஷயத்துல உருப்படியா நின்னிருக்கா?" என்று ஆஸ்டின் வாய்விட்டே சொல்லிவிட்டான்.

பக்கத்து சீட் கலீமுல்லா எட்டிப் பார்த்தான். "யாரு மச்சி?"

"ஒண்ணுமில்ல மச்சி. ஒருத்தி புதுசு புதுசா எதையோ போட்டுப் பார்த்துட்டு, கடைசில பழசுக்கே வந்துட்டா."

முன்பெல்லாம் நெத்திலிக் குழம்பு, அம்மாவின் சுகர் மாத்திரை, ஞாயிற்றுக்கிழமைப் பூசை நேரம் என்று ஆயிரம் குப்பைக்கு நடுவில் வேண்டியதைப் பொறுக்க வேண்டியிருக்கும். இந்த வாரம் அதெல்லாம் ஒன்றுமில்லை. வீடு, தெரு, போகிற வழி, அவ்வளவுதான். வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை முழு விலாசமும் கிடைத்தது. சனிக்கிழமை பதினோரு மணிக்குள் சாந்தோமிலிருந்து அங்கே போய்ச் சேர எந்த பஸ் என்று தேடியிருந்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கே ஆஸ்டின் அந்த வீட்டுக் காலிங்பெல்லை அடித்தான். கதவைத் திறந்தவர் அறுபது வயது மாமி. ஒரு கையில் கொத்தவரங்காய்க் கிண்ணம், இன்னொரு கையில் போன்.

"வீடு வாடகைக்குன்னு..."

"உள்ள வாங்கோ. உக்காருங்கோ. காபி சாப்பிடறேளா?" மாமி போனை டீப்பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து காய் நறுக்க ஆரம்பித்தார்.

"காபி வேணாம் மாமி. எனக்கு வீடும் வேணாம். பதினோரு மணிக்கு ஜொவிட்டான்னு ஒருத்தி வருவா. அவளுக்கு மட்டும் குடுத்துடாதீங்க."

"ஏம்ப்பா? என்ன ஆச்சு?"

"புருஷன விட்டுட்டு வந்தவ மாமி. கண்ட ஆளுங்க வந்து போவாங்க. அப்புறம் உங்க பேருதான் கெட்டுப்போகும். மந்தைவெளில நான் போய்ச் சொன்னதாலதான் ஓனர் தப்பிச்சாரு. அடையார் ஸ்கூல்லயும் நான்தான் சொல்லி நிறுத்தினேன்."

"இவ்ளோ தெரிஞ்சிருக்கே, நீங்க யாரு அவளுக்கு?"

"நான்தான் மாமி அந்தப் புருஷன்." குரலைத் தழைத்துக்கொண்டான். "நான் வந்துட்டுப் போனது அவளுக்குத் தெரிய வேணாம்."

"சொல்ல மாட்டேன். ஆனா, அவ இங்க வரப்போறான்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"தெரிஞ்சவங்க ஒருத்தங்க."

மாமி கத்தியைக் கீழே வைத்தார். "அப்படி யாருமே சொல்லியிருக்க முடியாதேப்பா. இந்த ஆத்துல வாடகைக்கு விட ஒரு ரூம்கூட கிடையாது. நான் ஜலஜா. ஹைகோர்ட்ல வக்கீல். போன மாசத்துலேர்ந்து அவ கேஸைப் பார்த்துண்டிருக்கறதே நான்தான்."

சொல்லிக்கொண்டே போனைத் திருப்பினார். ஆஸ்டின் வாசலில் நின்று பேச ஆரம்பித்ததிலிருந்து அது பதிவாகிக்கொண்டிருந்தது.

ஆஸ்டின் எழுந்தான். வாசல் பக்கம் திரும்பினான். உள் அறைக் கதவு திறந்தது. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஜொவிட்டா வந்து நின்றாள். கோர்ட்டில்கூடத் தலைநிமிராதவள், இந்த எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"பழைய பிரவுசர இப்பல்லாம் உங்களுக்காக மட்டும்தான் திறக்கறேன், ஆஸ்டின்."