போட்டோ எடுக்காத ஆமை

குளக்கரைப் பள்ளிக்கூடத்து வாசலில் வான்கோழியம்மாதான் காவல். குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து யார் வந்தாலும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும்.

மயிலார் வந்தார். ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார், தோகை விரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். போனவர் மறுபடி வரவில்லை. கொக்காரும் அப்படித்தான். அவர்கள்மேல் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

ஆமையார்தான் உறுத்தினார். வியாழன் தவறாமல் வந்தார். எழுத்துக்கூட்டத் திணறும் அணில்குட்டி பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கவைத்தார். போட்டோ மட்டும் எடுக்கவே இல்லை.

'போட்டோகூட வேண்டாம்னா, இவனுக்கு வேறென்னமோ வேணும்!'

ஐந்து வாரம் பொறுத்தவள் ஆறாவது வாரம் வழிமறித்தாள். "ஓசியில எதுக்குய்யா வர்றே? முதுகுல என்னத்த மறைச்சு வச்சிருக்கே? ஓட்டைக் கழற்றிக் காட்டு."

"அதைக் கழற்ற முடியாதும்மா."

"அப்ப உள்ள விட முடியாது."

ஆமையார் வந்த வழியே ஊர்ந்து போனார்.

அடுத்த வியாழன் அணில்குட்டி புத்தகத்தோடு வாசலுக்கு வந்தது. "சார் வரலையா?"

வான்கோழியம்மா அதன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"நான் அப்பவே நினைச்சேன், கண்ணு. பாதியில விட்டுட்டுப் போற ஆளுதான் அவன்."