ஈ மாப்பிள்ளை

“கன்னிப் பொண்ணுங்களை மட்டும் தனியாப் பிரிச்சு வைங்க ரமீஸ். ஆம்பளைங்க வேண்டாம், எல்லாரையும் ஆல்கஹால்ல போட்டுடுங்க!”

கைப்பேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சிங்கப்பூர் தேக்காவின் சைவ உணவகத்தில் பக்கத்து மேசைக் குடும்பம் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த இளமதி மட்டும் அமைதியாகக் கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது? எனக்கு வியர்த்துவிட்டது.

“ஈங்க, ஈ! பழத்துல மொய்க்குமே, அது,” என்றேன் பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி. “லேப்ல வளர்க்கிறோம். இறக்கை எப்படி உருவாகுதுன்னு ஆராய்ச்சி. ரமீஸ் என்கூட வேலை செய்யறவர்.”

“புரிஞ்சுது,” என்றாள்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஈயைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் கிடைத்தால் என் வாய் நிற்காது. டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் ஆறு வருடமாக ஈ ஓட்டுகிறவன் என்றுதான் எங்கள் செங்காங் அடுக்குமாடி புளோக்கில் எனக்குப் பெயர். அதை மறுக்க என்னிடம் ஆதாரமும் இல்லை.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததோ பெயரும் முகமும்தான். அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயோடேட்டா இரண்டு பக்கம். நான் புகைப்படத்தைத் தாண்டவே இல்லை.

“முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன்,” என்றேன். “ரெண்டு மாசத்துல என் காண்ட்ராக்ட் முடியுது. ஒரு ஆராய்ச்சிப் பேப்பரை ஜர்னலுக்கு அனுப்பியிருக்கேன். அது வந்தா வேலை நீடிக்கும். வரலன்னா உங்க வீட்டுக்கு வேலையில்லாத மாப்பிள்ளைதான்.”

“ஏன் வராது?”

“அவங்க வெளியில ஒருத்தர்கிட்ட கொடுத்துச் சரிபார்ப்பாங்க. அது யாருன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. எனக்கு வாய்ச்சது ஒரு கிழம் லா! மூணு பக்கத்துக்குக் குறை எழுதியிருக்கு.”

“கிழம்னு எப்படித் தெரியும்?”

“வீட்டுல யாரும் மதிக்காத ஆளுக்குத்தான் அவ்வளவு எரிச்சல் வரும்.”

முதல் தடவையாகச் சிரித்தாள். என் நகைச்சுவை வேலை செய்கிறது என்று நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

“அப்ப அவர் எழுதினதெல்லாம் தப்பா?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொன்னால் எனக்குக் காது துடிக்கும், அம்மாவே கண்டுபிடித்துவிடுவார்.

“அதுதான் கொடுமை. அத்தனையும் சரி,” என்றேன். “ரெண்டு நாள் திட்டிட்டு, மூணாம் நாள் உட்கார்ந்து படிச்சேன். வெட்கமாப் போச்சு. என் சோதனைல பெரிய ஓட்டை. அதான் இப்ப முதல்லேர்ந்து மறுபடி பண்றேன். ரமீஸ் ஈ பிரிக்கிறதும் அதுக்குத்தான்.”

“இப்பவும் ஒரு பாட்டில்ல முந்நூறா?”

“சேச்சே, அம்பதுதான். நெருக்கியடிச்சு வளர்த்தா இறக்கை தானாவே சின்னதாயிடும். அது தெரியாம ஜீன்தான் காரணம்னு தொங்கிட்டிருந்தேன்.”

ஈயைப் பற்றி ஒன்றுமே தெரியாத பெண்ணுக்கு இவ்வளவு எளிமையாக விளக்குகிறேனே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாமோ என்றுகூட ஒரு யோசனை ஓடியது.

இளமதி கைப்பேசியை எடுத்தாள். ஏதோ தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நான் ஆறிப்போன வடையைப் பிய்த்துப் பிய்த்துத் தூளாக்கினேன்.

‘வேலை போகப்போகுது, சோதனையும் தப்பு’ என்று எவனாவது வாயாலேயே ஒப்புக்கொள்வானா? இதுவரை பார்த்த மூன்று பெண்களும் வீட்டுக்குப் போன பிறகுதான் வேண்டாம் என்றார்கள். இவள் மேசையிலேயே முடித்துவிடுவாள் போலிருந்தது. அவளை எனக்குப் பிடித்திருந்ததால் அது வலித்தது.

“சரிப்படாதுன்னு உங்க அம்மாவுக்கு எழுதறீங்களா?” என்றேன்.

“இல்ல, ஜர்னலுக்கு.”

“எந்த ஜர்னலுக்கு?”

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

“கட்டிக்கப்போறவர் பேப்பரை நான் சரிபார்க்கக் கூடாது லா.”