ஏற்றம் முடியும் இடம்

பின்னால் வந்தவன் கையில் கம்பி இருந்தது.

திரும்பிப் பார்த்த ஒரு நொடியில் தையல்காரருக்கு அது நன்றாகவே தெரிந்தது. மெல்லிய கம்பி, இரண்டு முழமாவது இருக்கும். சைக்கிளை மிதித்துக்கொண்டே அதைத் தலைக்கு மேல் தூக்கிச் சாட்டை மாதிரி ஆட்டினான். அகப்பட்டால் முதுகுத் தோலை உரித்துவிடுவான்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாக மிதித்தார்.

வலப்பக்கம் கால்வாய். இடப்பக்கம் வேலி போட்ட காடு. நடுவே சரளைக்கல் பாதை, கார் லாரி எதுவும் நுழைய முடியாதது. விலகி ஒளிய ஒரு சந்துகூடக் கிடையாது.

அரை மணி நேரத்துக்கு முன்பு கடையில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் மருமகன் போன் செய்தான்.

"மாமா, குழந்தை நல்லாருக்கு. அவளுக்குத்தான் ரத்தம் நிக்கல. அவ குரூப் இங்க கைவசம் இல்லையாம். உங்களுக்கும் அதேதானே? ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடுங்க மாமா." கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்துவிட்டது.

பிடித்த டாக்ஸி பாதி வழியில் நின்றுபோனது. பாலத்தின் மேல் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது இன்னைக்கு நகராது சார். அதோ அந்தக் கால்வாய்ப் பாதையில சைக்கிள்ல போங்க. ஒன்பது கிலோமீட்டர்தான், ஆஸ்பத்திரி வாசல்லயே கொண்டுபோய் விடும்."

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. எல்லா சைக்கிளையும் வரிசையாக நிறுத்திச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஒன்று மட்டும் பூட்டில்லாமல் தனியாகச் சுவரில் சாய்ந்து நின்றது.

"கடையில யாருங்க?"

மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தார். நான்காவது முறை கூப்பிடப் பொறுமை இல்லை. ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தவர் துணியில் ஒரு பட்டனைக்கூட மறந்து வைத்துக்கொண்டதில்லை அவர். ஐம்பத்திரண்டாவது வயதில் திருடராகிவிட்டார்.

"ஓய்! நில்லுங்க! அந்த..."

மிச்சத்தை எதிர்க்காற்று அள்ளிக்கொண்டு போனது. டயருக்கடியில் சரளை நறநறவென்று அரைபட்டது. பூட்டைத் திறந்து இன்னொரு சைக்கிளை எடுத்துவர அவனுக்கு நேரம் பிடித்திருக்க வேண்டும். அந்த இடைவெளிதான் இதுவரை அவரைக் காப்பாற்றியது. இப்போது அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

நின்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. நம்புவானா? மாட்டிக்கொண்ட எந்தத் திருடன்தான் ஆஸ்பத்திரிக் கதை சொல்லாமல் இருப்பான்? போலீஸ், விசாரணை, கையெழுத்து. அதற்குள் மகளுக்கு என்ன ஆகும்?

எதிரே ஒரு கணவனும் மனைவியும் நாயோடு வந்தார்கள். "தள்ளுங்க, தள்ளுங்க!" என்று அவர் மணியை விடாமல் அடித்தார். நாயை இழுத்துக்கொண்டு இருவரும் வேலியோரம் ஒண்டினார்கள்.

"கண்ணு முன்னாடி ஆள் வர்றது தெரியல?" என்று அந்த அம்மாள் வைதது பின்னால் தேய்ந்து மறைந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

காடு முடிந்ததும் பாதை மேட்டில் ஏறத் தொடங்கியது. உச்சிக்கு அப்பால், மரங்களுக்கு மேலாக, ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கட்டடம் தெரிந்தது. உச்சியைத் தொட்டுவிட்டால் போதும், அப்புறம் இறக்கம்தான். இறக்கத்தில் விட்டால் இவன் இல்லை, இவன் அப்பன் வந்தாலும் பிடிக்க முடியாது.

எழுந்து நின்று மிதித்தார். தொடை நடுங்கியது. வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பின்னால் அவன் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது, முதலில் தொலைவில், பிறகு காதருகே.

உச்சி வந்துவிட்டது. பாதை கீழே செங்குத்தாகச் சரிந்து, அடியில் மதகின் இரும்புக் கதவை ஒட்டிச் சட்டென்று வளைந்தது. முன்சக்கரம் இறக்கத்துக்குள் எட்டிப் பார்த்தது.

சைக்கிள் அசையவில்லை. பின் கேரியரை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது.

தையல்காரர் முதுகைக் குறுக்கிக்கொண்டார். அடி விழவில்லை.

"தம்பி, உங்க கால்ல விழறேன். என் பொண்ணு அந்த ஆஸ்பத்திரியில கிடக்கிறா. என் ரத்தம் போனாத்தான் பிழைப்பா. குடுத்துட்டு நானே வந்து உங்க முன்னாடி நிக்கிறேன், அப்ப அடிங்க, போலீஸ்ல குடுங்க. இப்ப விட்டுடுங்க தம்பி."

அவனுக்கு மூச்சு இரைத்தது. வாயைத் திறந்து திறந்து மூடினான். கேரியரை விடாமலே அவரைத் தோளோடு பற்றிக் கீழே இறக்கினான். அவர் கண்ணில் நீர் முட்டியது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார்.

அவன் கீழே கிடந்த தன் சைக்கிளை நிமிர்த்தி, ஹேண்டில்பாரை அவர் கையில் திணித்தான்.

"இதுல போங்கண்ணே. அதுல பிரேக் கம்பி இல்ல."