நீல விளிம்பு பேசின்

"பேசினை எடுத்தது நான்தான்" என்றாள் பெர்மெத்.

ஜெபவீட்டில் இருந்த நாற்பது பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள். ஆராதனை முடிந்து, சபைக் கூட்டத்துக்காகக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

மூப்பர் கெர்ஹார்ட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காணாமல் போனது நீல விளிம்பு போட்ட பழைய எனாமல் பேசின். திருவிருந்துக்கு முன்னால் சபையார் ஒருவர் காலை ஒருவர் கழுவுவது அதில்தான். அவருடைய அம்மா சபைக்குக் கொடுத்தது. இன்றைக்கு அது இல்லாமல் இரும்பு வாளியில் கழுவ வேண்டியதாயிற்று.

"எங்கே வெச்சிருக்கே?"

"சொல்ல முடியாது அண்ணே. சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். பத்திரமா திருப்பிக் கொண்டு வந்துடறேன்."

அதோடு விடுவதற்கில்லை. ரெண்டு மூணு மாதமாகவே பிரசங்கம் முடிந்ததும் துண்டில் சுற்றிய பாத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். திருவிருந்துக்குக்கூட உட்காருவதில்லை. இன்றைக்கும் வாசலில் மறித்துத்தான் உட்கார வைத்திருந்தார்கள். அப்படி என்ன அவசரம் என்று கெர்ஹார்ட் கேட்டார்.

"வேலை இருக்கு."

"ஞாயித்துக்கிழமையிலயா? யார் வீட்டு வேலை?"

"எஜமான் சொன்ன வேலைதான்."

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கெர்ஹார்டுக்குச் சுருக்கென்றது. அது அவர் வாரா வாரம் பிரசங்கத்தில் ஆண்டவரைச் சொல்லும் வார்த்தை. எஜமான் சொன்னால் வேலைக்காரன் செய்ய வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது.

அதைச் சொல்ல அவருக்குத் தகுதி உண்டு. சொந்தத் தம்பி அப்ராமைக் குடிக்காகச் சபை தள்ளி வைத்தபோது, தீர்ப்பை வாசித்தவரே அவர்தான். தள்ளி வைக்கப்பட்டவனோடு ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது என்பது சபை ஒழுங்கு. அம்மாவின் அடக்கத்துக்கு அப்ராம் வந்தான். கெர்ஹார்ட் அவனுக்குச் சின்னதாக ஒரு மேசையைப் போட்டு, பெரிய மேசைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டு, தன் கையாலேயே தனித் துணி விரித்தார். அப்ராம் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவன்தான். பதினோரு வருஷமாக அவர், அவன் வீடு இருக்கும் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததில்லை.

தம்பிக்குக் காட்டாத இரக்கத்தை இவளுக்கு எப்படிக் காட்டுவது?

இத்தனைக்கும் பெர்மெத்தின் நிலைமை எல்லாருக்கும் தெரியும். கிர்கிஸ் நாட்டில் குடியேறிய ஜெர்மன் குடும்பங்கள் கட்டிய சபைக்கு வந்த உள்ளூர்க் கிர்கிஸ் பெண். இயேசுவிடம் வந்ததற்காகப் பெற்றவர்களே அவளை வீட்டுக்குள் விடவில்லை. இந்த நாற்பது பேரை விட்டால் அவளுக்கு நாதி கிடையாது.

"இடத்தை மட்டும் சொல்லும்மா" என்றார், கொஞ்சம் இறங்கி. "இத்தோட விட்டுடலாம்."

அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"அப்போ தள்ளி வைக்கலாம்னு நினைக்கிறவங்க கையைத் தூக்குங்க."

கெர்ஹார்டின் கை முதலில் உயர்ந்தது, பிறகு மற்றக் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. பெர்மெத் அதை எண்ணிப் பார்க்கவில்லை. தலைமுக்காட்டை இறுக்கிக் கட்டினாள். பெஞ்சுக்கு அடியிலிருந்து பாத்திரத்தை எடுத்து, சூடு ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

கூட்டக் குறிப்பில் கையெழுத்துப் போட்டு, அடுப்பை அணைத்து, கதவைப் பூட்டிய பிறகு கெர்ஹார்டுக்கு அம்மாவின் பேசின் நினைவு வந்தது. ஆளைத் தள்ளியாயிற்று, பொருளையாவது மீட்க வேண்டாமா? பனியில் அவளுடைய பூட்ஸ் தடம் தெளிவாகவே இருந்தது. அது தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. அவர் ஒரு நிமிஷம் நின்று, பிறகு தாண்டினார்.

தெருமுனை அடிபம்பில் பெர்மெத் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். தடம் பம்புக்கு எதிர்வீட்டிலிருந்து வந்திருந்தது. பச்சைக் கதவு. அந்தக் கதவுக்குச் சாயம் அடித்தபோது அவரும் ஒரு பக்கம் அடித்திருக்கிறார்.

அம்மாவின் பேசின் இந்தக் குடிகாரன் வீட்டிலா? கோபத்தோடுதான் உள்ளே போனார்.

மேசைமேல் ஒரே பாத்திரம், இரண்டு கரண்டி. நாற்காலியில் அப்ராம், பாதியாக இளைத்திருந்தான். பேசின் தரையில் இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் அவன் கால்கள். சர்க்கரைப் புண் விரல்களைத் தின்றிருந்தது. காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினான். கண்ணில் பார்வை இல்லை.

"வந்துட்டியா பெர்மெத்?"

கெர்ஹார்ட் மெதுவாக மண்டியிட்டார். தம்பியின் காலைக் கையில் ஏந்தினார்.

"பம்புத் தண்ணி உன் கையைச் சில்லுனு ஆக்கிருச்சு" என்றான் அப்ராம். "போதும்மா, நாளைக்கே இந்தப் பேசினைக் கொண்டு போய் வெச்சிரு. அம்மா பேசின்ல ஒரு தடவை கால் கழுவணும்னு பதினோரு வருஷ ஆசை. தீர்ந்துச்சு."

அவர் தண்ணீரை அள்ளி விட்டுக் கழுவினார்.

"நீ இங்க வர்றது எங்கண்ணனுக்கு மட்டும் தெரியவே வேண்டாம். தெரிஞ்சா உன்னையும் தள்ளி வெக்க வேண்டி வரும் அவனுக்கு. பாவம், தாங்க மாட்டான். எனக்குத் தனி மேசைத் துணி விரிச்சப்போ அவன் கை எப்படி நடுங்குச்சு தெரியுமா?"

அவளைத் தள்ளி வைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்காகத் தூக்கியபோது கெர்ஹார்டின் கை நடுங்கவே இல்லை.