அப்பா விழுந்த இடம்

கர்ட் மூச்சிரைக்க வாசல் பாதையை மண்வாரியால் சுரண்டிக்கொண்டிருக்கிறான். சாவு வீடு என்று பக்கத்து வீட்டு ஆர்னே விடிந்ததுமே இயந்திரம் ஓட்டிப் பனியை ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். வெறும் சிமென்ட்தான் பளபளக்கிறது. மினசோட்டா வெயிலில் வெளிச்சம் மட்டும்தான், சூடு இல்லை. கறுப்பு உடையில் அக்கா மார்லிஸ் ஓடி வருகிறாள். "டேய், சிமென்டையும் பேத்துடப் போறியா? சர்ச்சுக்கு நேரமாச்சு!" செவ்வாய்க்கிழமை பனி வாரும்போது அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த இடத்தையே அவன் சுரண்டுகிறான். அவள் குரல் இறங்குகிறது. "நைட் ஷிப்ட் முடிச்சு அசந்து தூங்கினே. அப்பா தனியா பனி வார்றது உனக்கெப்படிடா தெரியும்?" அவன் கைப்பிடியில் நெற்றியைச் சாய்க்கிறான். மூச்சு வெள்ளையாக எழுந்து கரைகிறது. "முழிச்சுட்டுத்தான்க்கா இருந்தேன். அப்பா கதவைத் தட்டி, 'கொஞ்சம் கை குடுடா'ன்னாரு. தூங்குற மாதிரி படுத்துக்கிட்டேன்."