நாலாவது சுற்று

“ஒரு ஊசி போட்டுவிடுங்க டாக்டர். ஞாயித்துக்கிழமை பந்தயம்” என்று அவசரப்படுத்தினார் நீலமேகம்.

கால்நடை டாக்டர், மேஜைமேல் நின்ற பந்தய நாய் சிங்காரியின் கால்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். பாதத்தில் வெடிப்பில்லை, மூட்டில் வீக்கமில்லை.

“தார் ரோட்டுல ஓட விட்டீங்களா?”

“நீங்க சொன்னதுலேருந்து கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரை ஈர மணல்லதாங்க. முதல்ல நடை, அப்புறம்தான் ஓட்டம். நானும் கூடவே ஓடுறேன். எட்டு சுத்து ஓடிக்கிட்டிருந்தது, பத்து நாளா நாலாவது சுத்துலயே படுத்துடுது. அதை இழுத்து இழுத்து என் தோள்பட்டையே கழண்டு போச்சு.” இடது தோளைத் தடவிக்கொண்டார்.

“நேத்து என் தம்பி கூட்டிட்டுப் போனான். எட்டு சுத்தும் ஓடிச்சாம்” என்றாள் மனைவி ராஜம்.

நீலமேகத்துக்குச் சுருக்கென்றது. “அவனுக்கு ஓடும், சோறு போடுறவனுக்கு ஓடாதா?”

“படுக்கறதுக்கு முன்னாடி என்ன செய்யும்?” என்று கேட்டார் டாக்டர்.

“திரும்பி என் முகத்தைப் பாக்கும். அப்புறம் வழியை மறிச்சுப் படுத்துக்கும்.”

டாக்டர் கையில் எடுத்த ஊசியைக் கீழே வைத்தார்.

“சங்கிலியை எந்தக் கையில பிடிப்பீங்க?”

“வலது கையிலதான்.”

“அப்ப இடது தோள் ஏன் வலிக்குது?”

நீலமேகத்தின் நெற்றி வேர்த்தது. டாக்டர் சீட்டு எழுதி ராஜத்திடம் நீட்டினார்.

“நாய்க்கு ஒண்ணும் இல்லம்மா. இவரை இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், இருதயத்தைப் பாக்கச் சொல்லுங்க.”

“சைக்கிள்லயே போயிடலாம்” என்று முனகியபடி நீலமேகம் எழுந்தார்.

சிங்காரி மேஜையிலிருந்து குதித்து, அவர் வழியை மறித்துப் படுத்துக்கொண்டது.