இன்னொரு வாய்தா

“லைன்ல ஒரு மிஷின் நின்னா பின்னாடி அத்தனை மிஷினும் நிக்கும், சார். இவங்க பாட்டுக்கு எழுந்து வாசலுக்கு ஓடிடுவாங்க. கம்பெனி என்ன சத்திரமா?” என்றாள் கம்பெனியின் வக்கீல்.

கறுப்புக் கோட்டின் மேல் ஒரு ஃபைலை அணைத்துப் பிடித்தபடியே பேசினாள். ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்க்கவில்லை.

எதிரே நின்ற தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை அவளுக்கு. சீட்டைக் கிழித்து அனுப்பிவிட்டார்கள். வேலையைத் திரும்பக் கேட்டுத் தொழிலாளர் நல அதிகாரியின் அறைக்கு நடையாய் நடக்கிறாள். ஒவ்வொரு தடவையும் வாய்தா வாங்கியே இழுத்தடித்தது கம்பெனி.

“ஊர் சுத்தப் போகலைங்கய்யா. நாத்தனார் குழந்தையைத் தூக்கிட்டு வாசலுக்கு வருவா. பால் குடுத்துட்டு ஓடி வந்துடுவேன்.”

“யாரு குடுக்க வேணாம்னா? வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய்க் குடுக்கட்டும். அதுவரைக்கும் புட்டிப்பால் இருக்குல்ல?” வக்கீல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

“கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம், இவகிட்ட ஈரத்தைப் பார்க்க முடியாதுண்ணே,” தையல்காரி பக்கத்தில் நின்ற சங்கத்துக்காரரிடம் பல்லைக் கடித்தாள்.

“வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரும்மா. இன்னைக்கு எப்படியும் உத்தரவு வந்துடும். நீயே கெடுத்துக்காதே.”

மேஜையில் கவிழ்ந்து கிடந்த வக்கீலின் செல்போன் அதிர்ந்தது. ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவளின் மிடுக்கு சட்டென்று இறங்கியது.

“சார், மீதியை இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாமா? ஒரு வாய்தா மட்டும்...”

“ஆரம்பிச்சுட்டாங்கண்ணே.” தையல்காரிக்கு அழுகைகூட வரவில்லை. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி பேனாவை மூடினார். “வாய்தா வாய்தான்னு எத்தனை நாளைக்கும்மா அந்தப் பொண்ணை அலைய விடுவீங்க? இருந்து முடிச்சுட்டுப் போங்க. அப்படி என்ன தலை போற அவசரம்?”

வக்கீல் தையல்காரியைப் பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். குரல் பாதிதான் வெளியே வந்தது.

“கீழே கார்லேர்ந்து எங்கம்மா கூப்பிடுறாங்க, சார். என் குழந்தை புட்டியை வாயிலயே வாங்க மாட்டேங்குதாம்.”